ஆய்வகத்திலிருந்து சரிவுக்கு எத்தனை நிமிடம்?

அமெரிக்காவில் பள்ளி இறுதியாண்டுப் பிள்ளைகள் கல்லூரிப் பட்டியல் போடும் மாதங்களில், பொறியியல் படிக்க விரும்புகிறவர்களில் ஒரு சாரார் ஒரு விஷயத்தை வாய்விட்டுச் சொல்லத் தயங்குகிறார்கள். பனிச்சறுக்கு அவர்களுக்கு உயிர். கொலராடோ, யூட்டா, வெர்மான்ட் பக்கம் நடக்கப் பழகிய கொஞ்ச நாளிலேயே காலில் ஸ்கீ மாட்டிக்கொண்ட பிள்ளைகள் அவர்கள். டென்வர், பாஸ்டன், சியாட்டில் நகரங்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. மலை பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக ஒரு கல்லூரியை விரும்புவது பொறுப்பில்லாத செயல் என்று அவர்களுக்கே உள்ளூர ஒரு குற்ற உணர்வு. பெற்றோரின் தீர்ப்பு அதைவிடக் கடுமை. அந்தத் தீர்ப்பு தவறு என்பது என் கருத்து. பனிச்சறுக்கு ஆசையை மறைக்க வேண்டியதில்லை. பாடத்துறை, கட்டணம், உதவித்தொகை என்று எழுதும் அதே தாளில் அதையும் ஒரு வரியாக எழுதலாம். ஆனால் அதை அளக்கும் கோல் சரியாக இருக்க வேண்டும். மலையின் உயரத்தையும் ரிசார்ட்டின் புகழையும் வைத்து அளந்தால் ஏமாற்றமே மிஞ்சும். பிப்ரவரியில் ஒரு சாதாரண வாரம். ஆய்வகமும் வீட்டுக்கணக்கும் தேர்வும் போக மிஞ்சும் நேரம். அந்த நேரத்துக்குள் மாணவர் சரிவுக்குப் போய்த் திரும்ப முடியுமா? அந்த ஒரு கேள்வியால் அளக்க வேண்டும்.

அதற்கு முன் கறாரான ஒரு நிபந்தனை. மலையைப் பார்ப்பதற்கு முன் பட்டத்தைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் பொறியியல் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு ஏபெட். பெரும்பாலான மாநிலங்களில் உரிமம் பெற்ற பொறியாளராவதற்கு நேரான பாதை, அந்த அங்கீகாரம் உள்ள பட்டம்தான். அங்கீகாரத்தைக் கல்லூரி மொத்தத்துக்கும் கொடுப்பதில்லை; ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியாகத் தருகிறார்கள். நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள டார்ட்மத் கல்லூரியைப் பாருங்கள். அங்கே மாணவர்களின் மலைநடை, பனிச்சறுக்குச் சங்கம் 1909-லேயே தொடங்கிவிட்டது. கல்லூரிக்கே சொந்தமாக ஒரு சறுக்குத் தளம் இருக்கிறது. தேயர் பொறியியல் பள்ளி 1867-ல் நிறுவப்பட்டது. கேட்டவுடனே இதுதான் இடம் என்று தோன்றும். ஆனால் அங்கே முதலில் கிடைப்பது பொறியியல் அறிவியலில் ஒரு பி.ஏ. பட்டம். ஏபெட் அங்கீகாரம் இருப்பது அதற்கு மேல் பெறும் பி.இ. பட்டத்துக்கு; பலருக்கு அது ஐந்தாம் ஆண்டுவரை நீளும். அந்தக் கூடுதல் ஆண்டின் செலவைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு தேர்ந்தெடுக்கிறவர் சரியாகத் தேர்ந்தெடுக்கிறார். தெரியாமல் போய்ச் சேர்கிறவர் மூன்றாம் ஆண்டில் திகைக்கிறார். சுரங்கம் படிக்க வேண்டியவருக்கும் உயிர்மருத்துவக் கருவிகளில் நாட்டம் உள்ளவருக்கும் ஒரே கல்லூரி பொருந்தாது. இந்த முதல் சல்லடையில் நிற்காத கல்லூரியை, அங்கே எத்தனை அடி பனி பெய்தாலும், பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

நேரத்தை ஏன் அளவுகோலாகச் சொல்கிறேன் என்றால், பனிச்சறுக்குப் பருவம் கல்லூரி ஆண்டின் கனமான மாதங்கள்மேல் அப்படியே வந்து விழுகிறது. சரிவுகள் நவம்பர் கடைசியில் திறந்து ஏப்ரலில் மூடுகின்றன. டிசம்பரில் பருவத் தேர்வு. ஜனவரியில் அடுத்த பருவம். பிப்ரவரியிலும் மார்ச்சிலும் இடைத்தேர்வுகள். கடலோடும் படகோடும் பிரியம் உள்ளவருக்கு முழுக் கோடை விடுமுறையும் கிடைக்கிறது. ஸ்கீ பிரியருக்குக் கிடைப்பது கிறிஸ்துமஸை ஒட்டிய சில வாரங்களும் மார்ச்சில் ஒரு வாரமும். அந்த நாட்களில்தான் ரிசார்ட்டுகளில் கூட்டமும் விலையும் உச்சத்தில் இருக்கும். ஆகவே, 'நல்ல கல்லூரியில் சேர், ஸ்கீயெல்லாம் லீவில் பார்த்துக்கொள்ளலாம்' என்ற அறிவுரை நடைமுறையில் 'விட்டுவிடு' என்பதற்குச் சமம். இன்னொரு பக்கம் பொறியியல் மாணவரின் வாரத்தைப் பாருங்கள். இரண்டாம் ஆண்டில் டைனமிக்ஸ், தெர்மோடைனமிக்ஸ், டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ், கூடவே மூன்று மணி நேர ஆய்வக வகுப்புகள். முழு நாள் ஓய்வு என்பது அவருக்கு அபூர்வம். இரண்டு, மூன்று மணி நேரத் துண்டுகள் கிடைக்கும். நான்கு மணி நேரப் பயணத் தொலைவில் உள்ள மாபெரும் மலை அந்தத் துண்டுகளுக்குள் அடங்காது. பதினைந்து நிமிடத்தில் உள்ள சின்னக் குன்று அடங்கும்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், ஸ்கீ பத்திரிகைகளின் அட்டையில் அதிகம் வராத ஓர் ஊர் முன்வரிசைக்கு வருகிறது. மிச்சிகன் மாநிலத்தின் வட கோடியில், சுப்பீரியர் ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கீவினா தீபகற்பத்தில் இருக்கிறது ஹாட்டன். தாமிரச் சுரங்கங்களுக்காகப் பிறந்த ஊர். அங்கே 1885-ல் சுரங்கப் பள்ளியாகத் தொடங்கியதுதான் இன்றைய மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். பல்கலைக்கழகத்தின் எதிரே கால்வாய். கால்வாய்க்கு அக்கரையில் மான்ட் ரிப்ளி என்ற குன்று. உச்சியிலிருந்து அடிவாரம் வரை 440 அடிதான் இறக்கம். கொலராடோக்காரர் அதை மலை என்றே ஒப்புக்கொள்ள மாட்டார். ஆனால் குன்று பல்கலைக்கழகத்துக்கே சொந்தம். மாணவர் கட்டணத்திலேயே அதற்கான அனுமதியும் அடங்கிவிடுகிறது. இரவில் விளக்கு போட்டுச் சரிவைத் திறந்துவைக்கிறார்கள். மாலை ஆறு மணிக்கு ஆய்வகத்தை விட்டு வெளியே வந்தவர் ஏழு மணிக்குச் சரிவில் இருக்கலாம், பத்து மணிக்குள் மறுபடி மேசையில் உட்கார்ந்து கணக்குப் போடலாம். பனிக்கும் குறைவில்லை. குளிர்ந்த காற்று, இன்னும் உறையாத ஏரிப் பரப்பின்மேல் வரும்போது ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு, கரையேறியதும் பனியாகக் கொட்டுகிறது. ஆண்டுக்குச் சராசரியாக 200 அங்குலம் அங்கே சாதாரணம். 1978-79 குளிர்காலத்தில் அந்தத் தீபகற்பத்தில் பதிவானது 390 அங்குலம். வளாகத்தை ஒட்டியே சமதளப் பனிநடைக்கான தடங்களும் உள்ளன; தேசியப் போட்டிகள் நடந்த தடங்கள் அவை. பனியில் வண்டிகள் எப்படி ஓடுகின்றன என்று சோதிக்கும் கீவினா ஆராய்ச்சி மையமும் இதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. ஆட்டோமொபைல் படிக்கும் மாணவருக்கு அங்கே குளிர்காலம் பாடத்தின் ஒரு பகுதியாகிவிடுகிறது.

இதற்கு நேர் எதிரில் கொலராடோவை நிறுத்திப் பார்க்கலாம். டென்வரின் மேற்கு விளிம்பில் கோல்டன் நகரில் இருக்கும் கொலராடோ ஸ்கூல் ஆஃப் மைன்ஸ் 1874-ல் தொடங்கியது. சுரங்கம், பெட்ரோலியம், உலோகவியல் துறைகளில் உலகம் அறிந்த பெயர். வரைபடத்தில் பார்த்தால் பெரிய மலைகள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். ஆனால் அந்த மலைகளுக்குப் போக ஐ-70 என்ற ஒரே நெடுஞ்சாலைதான் முதன்மை வழி. டென்வர் வட்டாரம் முழுவதும் சனிக்கிழமை காலையில் அதே சாலையில் ஏறுகிறது, ஞாயிறு மாலை அதே சாலையில் இறங்குகிறது. ஒரு மணி நேரப் பயணம் மூன்று மணி நேரமாவது அங்கே சகஜம். அதனால் மைன்ஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதே சாலையில் 1973-ல் திறக்கப்பட்ட ஐசன்ஹோவர் சுரங்கப்பாதைக்கு இந்தப் பக்கமே லவ்லேண்ட் தளம் இருக்கிறது. வார நாளில், வகுப்பில்லாத ஒரு காலையைப் பிடித்தால் போய்வந்துவிடலாம். கால அட்டவணையில் வெள்ளிக்கிழமையைக் காலியாக வைத்துக்கொள்ள முடிகிறதா என்பதுதான் அங்கே கேள்வி. விண்வெளிப் பொறியியலில் பலமான, கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாகத்துக்கு எல்டோரா என்ற தளம் அருகில் உள்ளது. நகரப் பேருந்தே அங்கே போகிறது. பலர் கவனிக்காத இன்னொரு வழி கன்னிசன். அங்குள்ள வெஸ்டர்ன் கொலராடோ பல்கலைக்கழகத்தோடு போல்டர் வளாகம் கூட்டு வைத்திருக்கிறது. 2018-ல் 80 மில்லியன் டாலர் நன்கொடையில் பிறந்த ரேடி பள்ளியில் மெக்கானிக்கலோ கணினி அறிவியலோ படித்து, போல்டரின் பட்டத்தையே பெறலாம். க்ரெஸ்டட் பட் மலை அங்கிருந்து சுமார் 30 மைல். நடுவில் ஐ-70 நெரிசல் கிடையாது.

பெரிய பல்கலைக்கழகமும் பெரிய மலையும் ஒருசேர வேண்டும் என்பவருக்கு யூட்டா பல்கலைக்கழகத்துக்கு நிகரான இடம் அமெரிக்காவில் இல்லை என்றே சொல்வேன். இன்றைய இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டில் 1969-ல் இணைந்த முதல் நான்கு நிலையங்களில் ஒன்று அது. கணினி வரைகலையின் தொடக்கப் பாடங்கள் பல எழுதப்பட்ட இடம்; பின்னாளில் பிக்சாரை உருவாக்கியவர்களில் ஒருவரான எட் கேட்மல் அங்கே முனைவர் பட்டம் பெற்றவர். 1982-ல் நோயாளி ஒருவருக்கு ஜார்விக்-7 செயற்கை இதயத்தைப் பொருத்தியதும் அங்கேதான். வளாகத்திலிருந்து முக்கால் மணி நேரத்தில் ஆல்டா, ஸ்னோபேர்ட், பிரைட்டன், சாலிட்யூட் என்ற நான்கு மலைகள். ஆல்டாவில் ஓர் ஆண்டில் சுமார் 500 அங்குலம் பனி விழுகிறது. மாணவர் அடையாள அட்டையே பேருந்து, ரயில் பாஸாகவும் பயன்படுகிறது. ஆனால் அந்த முக்கால் மணி நேரத்தை அப்படியே நம்பிவிடக் கூடாது. ஆல்டாவுக்குப் போகும் பள்ளத்தாக்குச் சாலை, 60-க்கும் மேற்பட்ட பனிச்சரிவுத் தடங்களுக்குக் கீழே ஓடுகிறது. கனத்த பனி பெய்த காலைகளில் மூடிவிடுவார்கள், திறந்ததும் நெரிசல். இதற்குத் தீர்வாக எட்டு மைல் நீளக் கம்பிவட ஊர்தி அமைக்க மாநிலப் போக்குவரத்துத் துறை 2023-ல் முடிவெடுத்தது. எதிர்ப்பும் வழக்குகளும் தொடர்ந்தன. 2034 குளிர்கால ஒலிம்பிக் சால்ட் லேக் நகருக்கு வருகிறது. போக்குவரத்துப் பொறியியல் படிக்கும் மாணவருக்கு இதைவிட உயிருள்ள பாடம் கிடைப்பது அரிது.

மான்டானா மாநிலத்தின் போஸ்மன் இன்னொரு வகை. மான்டானா மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து பிரிட்ஜர் பௌல் 16 மைல். லாப நோக்கமற்ற அமைப்பு நடத்தும் தளம் அது. பல்கலைக்கழகத்தில் பூஜ்யத்துக்குக் கீழான குளிரை உண்டாக்கி, பனியின் அடுக்குகள் எப்படி இறுகுகின்றன, எங்கே முறிகின்றன என்று சோதிக்கும் ஆய்வகம் இருக்கிறது. சிவில் மாணவர் கான்கிரீட்டின் வலிமையை அளப்பதுபோலவே அங்கே பனியின் வலிமையையும் அளக்கிறார். நெவாடாவின் ரீனோவில் நிலநடுக்கப் பொறியியல் ஆய்வகமும் மவுன்ட் ரோஸ் சரிவும் அருகருகே அமைந்திருப்பதையும் சொல்லிவைக்கிறேன்.

இனி மறுப்புகளுக்கு வருவோம். பெற்றோர் முதலில் கேட்பது: தரவரிசையில் மேலே உள்ள கல்லூரியை விட்டுவிட்டுக் கீழே உள்ளதற்குப் போனால் பிள்ளையின் வாழ்க்கை என்ன ஆகும்? இதற்கு ஊகமாக அல்ல, ஆய்வாகவே பதில் இருக்கிறது. பொருளியலாளர்கள் ஸ்டேசி டேலும் ஆலன் க்ரூகரும் 2002-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே தரத்திலான கல்லூரிகளில் இடம் கிடைத்த மாணவர்களில், கடும் போட்டியுள்ள கல்லூரிக்குப் போனவர்களையும் அதைத் தவிர்த்து வேறிடம் போனவர்களையும் ஒப்பிட்டார்கள். பிற்கால வருமானத்தில் இரு சாராருக்கும் சராசரியாகப் பெரிய வித்தியாசம் தென்படவில்லை. மாணவரின் திறமையும் முயற்சியும் எங்கே போனாலும் கூடவே போகின்றன. ஆனால் அதே ஆய்வு வரிசையில் ஒரு விதிவிலக்கும் உண்டு: எளிய குடும்பங்கள், கல்லூரிப் படிப்பில்லாத பெற்றோர், கறுப்பின, லத்தீன் அமெரிக்கக் குடும்பங்கள் ஆகியவற்றிலிருந்து வரும் மாணவருக்குப் போட்டியுள்ள கல்லூரி உண்மையாகவே பலன் தந்தது. அந்த நிலையில் உள்ள மாணவர் மலையை இரண்டாம் இடத்துக்குத் தள்ளுவது நியாயம். அதுபோல, சென்னையிலோ கோவையிலோ பி.இ. முடித்து முனைவர் பட்டத்துக்கு அமெரிக்கா போகிறவருக்கு வழிகாட்டும் பேராசிரியரும் நிதியுதவியும்தான் முதல். இரண்டு இடங்களில் அவை சமமாக அமைந்தால் மட்டுமே மலை தீர்மானிக்கட்டும். என் வாதம் முக்கியமாக இளநிலைப் படிப்புக்கு. ஏபெட் அங்கீகாரம் பெற்ற படிப்புகளில் கணிதம், இயற்பியல், இயக்கவியல் என்று அடித்தளப் பாடங்கள் ஏறக்குறைய ஒன்றேதான்.

அடுத்த மறுப்பு, விளையாட்டு படிப்பைக் கெடுக்கும் என்பது. கெடுக்கவே கெடுக்காது என்று சொல்ல மாட்டேன். வகுப்பைத் தவிர்த்துவிட்டு மலைக்கு ஓடும் மாணவர்கள் எல்லா மலையூர்களிலும் உண்டு. அவர்களிலும் மலை தொலைவில் உள்ளவருக்கே ஆபத்து அதிகம் என்பது என் கணிப்பு. முழு நாளைப் பறிக்கும் பயணம்தான் வகுப்பைப் பறிக்கிறது. மாலையில் இரண்டு மணி நேரம் சறுக்கிவிட்டு வருகிறவர் எதையும் இழப்பதில்லை. பனிச்சறுக்கே பெரிய அளவில் பொறியாளர்களின் கையால் உருவான விளையாட்டு என்பதையும் பெற்றோர் அறிய வேண்டும். 1936-ல் ஐடஹோவின் சன் வேலியில் ஓடத் தொடங்கிய முதல் நாற்காலி லிஃப்டை வடிவமைத்தவர் யூனியன் பசிபிக் ரயில்வேயின் பொறியாளர் ஜிம் கரன். வெப்ப நாடுகளில் வாழைத்தார்களைக் கொக்கியில் மாட்டிக் கப்பலுக்கு ஏற்றும் கம்பிவட அமைப்பை அறிந்தவர் அவர். கொக்கியின் இடத்தில் நாற்காலியைத் தொங்கவிட்டார். விமானத் தயாரிப்பு நிறுவனத்தில் வேலை செய்த ஹோவர்ட் ஹெட், விமான உடலின் அடுக்குத் தகடு உத்தியை மரப் பலகைக்குக் கொண்டுவந்தார். உடைந்து உடைந்து திருத்திய பிறகு 1950-ல் அவருடைய உலோக ஸ்கீ விற்பனைக்கு வந்தது. பனிக்குள் புதைந்தவரைத் தேட உதவும் ரேடியோ கருவி, 1968-ல் பஃபலோ நகரில் ஜான் லாட்டன் என்ற பொறியாளரின் கைவண்ணம். 1993-ல் ஸ்லோவீனியாவின் எலான் நிறுவனப் பொறியாளர்கள் இடை குறுகிய ஸ்கீயைக் கொண்டுவந்தபின், சராசரி ஆளும் அழகாக வளைந்து திரும்ப முடிந்தது. இந்தத் தொழில் இன்றும் உயிரோடு இருக்கிறது. லிஃப்ட் கட்டும் டோப்பல்மேயரின் அமெரிக்கக் கிளையும், மலைக் கருவிகள் செய்யும் பிளாக் டைமண்டும், கார்பன் ஸ்கீ செய்யும் டிபிஎஸ்ஸும் சால்ட் லேக் நகரில் இருக்கின்றன. லைட்னர்-போமா கொலராடோவின் கிராண்ட் ஜங்ஷனில். சரிவை உடம்பால் அறிந்த இளம் பொறியாளருக்கு அங்கே வேலை கேட்கும்போது ஒரு வலு உண்டு.

காயம் பற்றிய அச்சம் வெறும் பயமல்ல. அதற்கும் கணக்கு இருக்கிறது. வெர்மான்டின் ஷுகர்புஷ் தளத்தில் எலும்பு மருத்துவர் ராபர்ட் ஜான்சன், பொறியாளர்கள் கார்ல் எட்லிங்கர், ஜாஸ்பர் ஷீலி ஆகிய மூவரும் 1972 முதல் பல பத்தாண்டுகள் ஒவ்வொரு காயத்தையும் பதிவு செய்தார்கள். விழும்போது காலணியை விடுவிக்கும் பைண்டிங்குகள் மேம்பட மேம்பட, கால் எலும்பு முறிவு பெருமளவு குறைந்தது. முழங்கால் தசைநார்க் காயம் அதேபோல் குறையவில்லை. முழங்கால் இன்னும் தீர்க்கப்படாத பொறியியல் சிக்கல். பனிச்சரிவில் அமெரிக்காவில் ஆண்டுக்குச் சராசரியாக 25 முதல் 30 பேர் இறக்கிறார்கள்; ஏறக்குறைய அனைவரும் ரிசார்ட் எல்லைக்கு வெளியே போனவர்கள். எல்லைக்குள் சறுக்குவது, எல்லை தாண்ட வேண்டுமானால் முறையான பயிற்சியும் கருவியும் துணையும் இல்லாமல் தாண்டாதிருப்பது என்று வீட்டிலேயே ஓர் ஒப்பந்தம் போடலாம். களைத்த நிலையில் இரவில் உறைபனிச் சாலையில் நெடுந்தூரம் ஓட்டுவதுதான் எனக்கு அதைவிடக் கவலை தருகிறது. மலை அருகில் இருக்க வேண்டும் என்பதற்கு அது இன்னொரு காரணம்.

செலவு விஷயத்தில் பெற்றோர் பக்கம்தான் நியாயம் அதிகம். கொலராடோவின் வெய்ல் (Vail) போன்ற பெரிய ரிசார்ட்டில் உச்ச நாள் நுழைவுச் சீட்டு 250 டாலரைத் தாண்டுகிறது. மாணவர் யாரும் அந்த விலையில் சறுக்கக் கூடாது. 2008-ல் வந்த எபிக், 2018-ல் வந்த ஐகான் போன்ற பருவச் சீட்டுகளும், சின்ன மலைகளின் மாணவர் சலுகைகளும் இருக்கின்றன. ஆனாலும் சீட்டு விலையைவிடப் பெரிய எண், வெளிமாநிலக் கல்விக் கட்டணம். மேற்கு மாநிலங்களுக்கு இடையே ஓர் ஒப்பந்தம் உண்டு; பங்கேற்கும் கல்லூரிகளில் இடம் கிடைத்தால், உள்மாநிலக் கட்டணத்தின் ஒன்றரை மடங்குக்கு மேல் கட்ட வேண்டியதில்லை. இடங்கள் குறைவு, ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒவ்வொரு விதி. அந்த இடம் கிடைக்காமல், பனிக்காகவே முழு வெளிமாநிலக் கட்டணத்தைக் கடன் வாங்கிக் கட்டுவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

பனியே குறைந்து வருகிறதே என்பது மறுக்க முடியாத கேள்வி. நீண்டகாலப் பதிவு உள்ள அளவீட்டு இடங்களில் 90 சதவீதத்துக்கும் மேல் பனிக்குவியல் குறைந்திருக்கிறது என்று மேற்கு அமெரிக்கா பற்றி 2018-ல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. நான்காண்டுப் படிப்புக்குள் மலைகள் வெறுமையாகிவிடப் போவதில்லை. ஆனால் உயரம் குறைந்த, செயற்கைப் பனியை நம்பிய தளத்தைவிட உயரமான அல்லது வடக்கே தள்ளிய தளத்தைக் கவனிப்பது புத்திசாலித்தனம். போட்டிகளில் சறுக்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. தேசியக் கல்லூரி விளையாட்டுக் கழக அணிகளின் பயணங்கள் ஜனவரி முதல் மார்ச் வரை வார நாட்களையும் விழுங்கும். ஆய்வகம் நிறைந்த துறையில் படிப்பவருக்கு மாணவர்களே நடத்தும் கிளப் அணியே பொருந்தும்.

இந்தக் குளிர்காலத்தில் முடிவெடுக்கப்போகும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் என் வேண்டுகோள்: கல்லூரியைப் பார்க்க ஏப்ரல் வரவேற்பு நாளுக்காகக் காத்திருக்காதீர்கள். பிப்ரவரியில், வார நாளில் போங்கள். பல்கலைக்கழக இணையதளத்தில் உங்கள் துறையின் இரண்டாம் ஆண்டு வசந்தப் பருவக் கால அட்டவணையை எடுத்து, ஆய்வக நேரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆய்வகத்தின் வாசலிலிருந்து லிஃப்ட் வரிசை வரைக்கும், மாணவர் போகும் பேருந்திலேயே போய், நேரம் பாருங்கள். மூன்றாம் ஆண்டு மாணவர் இருவரிடம் இந்தப் பருவத்தில் எத்தனை முறை போனீர்கள் என்று கேளுங்கள். மதிப்பெண் எப்படி என்றும் கேளுங்கள். இரண்டு பதிலும் நன்றாக இருந்தால், அந்தக் கல்லூரிக்கு மலையும் ஒரு காரணம் என்று தயங்காமல் சொல்லுங்கள். பெரும்பாலான கல்லூரிகளில் இடத்தை உறுதி செய்யக் கடைசி நாள் மே 1.